கத்திரி வெயிலில் ஒரு தீவு ஹோட்டல் நாவல்

வங்கிக் காசாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்குத் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. மே மாதம் வந்தால் ஒரு அமெரிக்கக் கடற்கரை நாவலைத் தூக்கிக்கொண்டு பெசன்ட் நகர் மணலுக்குப் போய்விடுவேன். கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு தீவு, பாழடைந்து கிடந்த பழைய ஹோட்டல், அதைப் புதுப்பித்துத் திறக்கிற ஒருத்தி. கோடை முடிவதற்குள் எல்லாருடைய ரகசியமும் வெளியே வந்துவிடும். ஹோட்டல் கதை என்றதும் என் மாமியார், "சாப்பாடு நன்றாக இருக்குமா?" என்று கேட்டார். நமக்கு ஹோட்டல் என்றால் இட்லிதானே, தங்கினால் அது லாட்ஜ்.

முதலில் நேரம். நடுப்பகலில் மணலில் படுத்துப் படிப்பதெல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்குச் சரி. நம் கடல் கிழக்கு பார்த்தது. மே மாதம் 5.45 மணிவாக்கில் சூரியன் எழும். ஏழு தாண்டினால் பக்கம் கண்ணைக் கூசும். சாயங்காலம் ஐந்துக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், கடற்காற்றும் இருக்கும். அந்தக் காற்று பக்கத்தை உங்களைக் கேட்காமலே புரட்டும். ஆபீசில் பேப்பர் கட்டுக்குப் போடுகிற கருப்பு கிளிப் இரண்டு போதும்.

நான் உட்காருவது ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்தில். 1930-இல் கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிய டேனிஷ்காரர் ஒருவரின் நினைவாகக் கட்டியது. கதாநாயகி விடியற்காலையில் நீந்தப் போகிறாள் என்று நீங்களும் இறங்கிவிட வேண்டாம். காலை நனைத்துக்கொண்டால் போதும்.

புத்தகத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. இந்த மாதிரி நாவல்கள் வாடகை நூலகங்களில் நிறையக் கிடைக்கும். மிளகாய் பஜ்ஜி கையோடு மட்டும் தொடாதீர்கள். ஒரு முறை எண்ணெய்க் கறைக்காக முழு விலையும் கட்டினேன்; அந்தப் புத்தகம் இன்றும் வீட்டில் மணக்கிறது.

முதல் அறுபது பக்கத்தில் பதினைந்து பெயர் வந்துவிடும். நான் கவுன்ட்டர் பழக்கத்தில் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள்வேன். இடது பக்கம் ஹோட்டல் ஆட்கள், வலது பக்கம் வந்து தங்குகிறவர்கள், எதிரே அறை எண். யார் யாரிடம் பொய் சொன்னார்கள் என்பதற்கு ஒரு டிக். இருநூறாம் பக்கத்தில் கணக்கு இடிக்கும் பாருங்கள், அங்கேதான் ருசி.

தீவு நான்டக்கெட் என்றால் கொஞ்சம் ஊர் விவரம் தெரிந்துகொண்டு உட்காருங்கள். மாசசூசெட்ஸ் கரைக்குத் தெற்கே கடலுக்குள் கிடக்கிறது. விளக்கெரிக்கிற திமிங்கில எண்ணெயில் கொழித்த ஊர். 1846-இல் பெரும் தீ நகர மையத்தையே தின்றது. அப்புறம் மண்ணெண்ணெய் வந்தது, திமிங்கில வியாபாரம் படுத்தது, ஆட்கள் வெளியேறினார்கள். இடித்துக் கட்டக் காசில்லாததால் பழைய வீடுகள் அப்படியே நின்றன. இன்று தீவு முழுவதும் பாரம்பரியப் பகுதி. வீட்டின் வெளிப்புறத்தில் கை வைக்க அனுமதி வேண்டும். நாவலில் ஒரு ஜன்னலுக்காக நாலு பக்கத்துக்கு ஏன் சண்டை போடுகிறார்கள் என்பது இது தெரிந்தால்தான் புரியும். காரைக்குடிப் பக்கம் செட்டியார் வீட்டை ஹோட்டலாக்கியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இன்னொன்று, அங்கே சீசன் மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான். வருஷச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கை அதற்குள் பார்த்தாக வேண்டும். எல்லாரும் சிடுசிடுவென்று இருப்பது அதனால்தான். ஜூனில் எட்டு மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும். வெயிலில் ராச்சாப்பாடு சாப்பிடுகிறார்களே என்று குழம்ப வேண்டாம்.

உடை, செருப்பு, ஒயின் பெயர்கள் வரும் பத்திகளைத் தாராளமாகத் தாண்டலாம். படுக்கை விரிப்பு மாற்றுகிற பெண்கள் பேசிக்கொள்ளும் இடங்களைத் தாண்டாதீர்கள். முதலாளியம்மாவின் காதலை விட எனக்கு அவர்கள்தான் முக்கியம். குப்பைக்கூடையைப் பார்த்தே விருந்தாளியின் கல்யாணம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

கடைசி நாற்பது பக்கத்தை மட்டும் சாயங்காலத்துக்கு வைக்காதீர்கள், 6.45-க்கெல்லாம் எழுத்து மங்கிவிடும். போன வருஷம் சுண்டல் வண்டியின் விளக்கடியில் நின்றுகொண்டேதான் முடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அத்தியாயத்துக்கு ஒரு பொட்டலம் என்று மூன்றை நீட்டினார்.