கோடை முகாமில் தரவுத்தள இணையதளம்: பதின்ம வயதினருக்குக் கற்பிக்க ஒரு செய்முறை விளக்கம்

பதின்ம வயதினருக்கு இணையதளம் அமைக்கக் கற்பிக்கும்போது வண்ணம், எழுத்துரு, படம் என்று முகப்புத் தோற்றத்திலிருந்து தொடங்கவே நமக்குத் தோன்றும். திரையில் உடனே ஏதோ ஒன்று தெரிவதால் மாணவர்களுக்கும் அது பிடிக்கும். ஆயினும் தரவுத்தளத்தைக் கொண்டு இயங்கும் தளத்தைக் கட்டுவதென்றால், தரவிலிருந்து தொடங்கிப் பக்கத்திற்கு வருவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. எந்தத் தகவலைச் சேமிக்கிறோம், அதனிடம் என்னென்ன கேட்கப் போகிறோம் என்பது தெளிவாகிவிட்டால் எந்தெந்தப் பக்கங்கள் தேவை என்பதும் தெரிந்துவிடும்.

முகாமில் மாணவர்கள் தங்களுக்குள் நூல்களைக் கொடுத்து வாங்கிக்கொள்ள உதவும் ஒரு தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சிறிய தளம்தான், ஆனால் அதை அவர்கள் அன்றே பயன்படுத்த முடியும் என்பதால் ஆர்வம் குறையாது.

முன்னேற்பாடு

பைத்தான் என்ற நிரல்மொழி, அதில் இணையதளம் அமைக்க உதவும் ஃபிளாஸ்க், தரவைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் ஆகிய மூன்றும் போதும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ்க்யூலைட்டுக்குத் தனிச் சேவையகம் தேவையில்லை. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். அதைக் கையாளும் தொகுதி பைத்தானுடனேயே வருவதால் ஃபிளாஸ்க்கை மட்டும் தனியாக நிறுவினால் போதும். கடவுச்சொல், அனுமதி, சேவையக அமைப்பு என்று முதல் நாளைத் தொலைக்காமல் இருக்க இதைவிட நல்ல தேர்வு தொடக்கநிலையில் இல்லை. எல்லாக் கணினிகளிலும் முகாம் தொடங்கும் முன்பே நிறுவி, இயங்குகிறதா என்று சோதித்துவிடுங்கள். ஒரு கணினிக்கு இருவர் என அமர்த்தி, தட்டச்சு செய்பவரும் உடனிருந்து வழிகாட்டுபவரும் அடிக்கடி இடம் மாறிக்கொள்ளச் செய்யுங்கள்.

முதல் படி: தாளில் அட்டவணை

கணினியைத் திறக்க விடாமல், ஒரு பெரிய தாளில் நூலின் பெயர், ஆசிரியர், யாருடையது, யார் வாங்கிச் சென்றார், எந்த நாளில் என்று ஒரே அட்டவணையாக மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். சில வரிசைகள் நிரம்பியதும் ஒரே மாணவரின் பெயர் பல இடங்களில் வருவதும், ஓரிடத்தில் முழுப்பெயராகவும் இன்னோரிடத்தில் சுருக்கமாகவும் எழுதப்பட்டிருப்பதும் அவர்கள் கண்ணிலேயே படும். ஒரு நூல் இரண்டாம் முறை கைமாறும்போது அதன் பெயரையும் ஆசிரியரையும் மறுபடி எழுத வேண்டியிருப்பதையும் அவர்களே குறை கூறுவார்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். தகவலைப் பல அட்டவணைகளாகப் பிரிக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்வதைவிட, அந்தத் தேவையை அவர்கள் உணர்வதே முக்கியம். கணினி அறிஞர் எட்கர் காட் 1970இல் முன்வைத்த, தகவலை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக வைக்கும் தொடர்புசார் தரவு மாதிரி என்ன சிக்கலைத் தீர்த்தது என்பது இந்தத் தாளிலேயே புரிந்துவிடும்.

பிறகு நூல்கள், உறுப்பினர்கள், இரவல்கள் என மூன்று அட்டவணைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் உறுப்பினருக்கும் தனி எண் உண்டு. அதுவே முதன்மைத் திறவுகோல். இரவல் அட்டவணையில் பெயர்கள் இருக்காது. நூலின் எண், உறுப்பினரின் எண், கொடுத்த நாள், திரும்பிய நாள் ஆகியவை மட்டும் இருக்கும். திரும்பிய நாள் வெறுமையாக இருந்தால் நூல் இன்னும் வெளியே இருக்கிறது என்று பொருள். உறுப்பினர் அட்டவணையில் அழைப்புப் பெயர் போதும்; தொலைபேசி எண், முகவரி, பிறந்தநாள் எதுவும் வேண்டாம். தேவையில்லாத தகவலைச் சேகரிக்கக் கூடாது என்பதையும் இங்கேயே கற்பியுங்கள்.

இரண்டாம் படி: தரவுத்தளத்திடம் கேள்வி கேட்டல்

இணையப் பக்கத்தைத் தொடும் முன், மூன்று அட்டவணைகளையும் தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் எஸ்க்யூஎல் மொழியில் உருவாக்கி, தாளில் உள்ள தகவலை இன்செர்ட் கட்டளையால் ஏற்றி, செலக்ட் கட்டளையால் கேட்டுப் பார்க்கட்டும். கேள்விகளை முதலில் தமிழில் எழுதச் சொல்லுங்கள்: இப்போது யாரிடமும் இல்லாத நூல்கள் எவை? அதிகமுறை இரவல் போன நூல் எது? பிறகு ஒவ்வொன்றையும் செலக்ட் கட்டளையாக, அதாவது வினவலாக மாற்றலாம்.

எஸ்க்யூலைட்டின் சில இயல்புகளை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நாளுக்கென்று அதில் தனித் தரவு வகை இல்லை; ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதி வைத்தால் வரிசைப்படுத்துவது சரியாக அமையும். ஓர் அட்டவணையில் குறிக்கப்படும் எண் மற்ற அட்டவணையில் உண்மையில் உள்ளதா என்று பார்க்கும் அயல் திறவுகோல் சோதிப்பு வழக்கமாக அணைந்தே இருக்கும் என்பதால், ஒவ்வொரு இணைப்பிலும் அதை இயக்க வேண்டும்; இல்லாவிட்டால், இல்லாத உறுப்பினருக்குக்கூட நூல் இரவல் போனதாகப் பதிவாகிவிடும்.

அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் கட்டளைக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். சாதாரண ஜாயினில் இதுவரை யாரும் வாங்காத நூல்கள் பட்டியலிலிருந்து காணாமல் போகும். ஏன் என்று மாணவர்கள் தாளைப் பார்த்துக் கண்டுபிடித்த பின்னரே, அந்த நூல்களையும் விடாமல் காட்டும் லெஃப்ட் ஜாயினை அறிமுகப்படுத்துங்கள்.

மூன்றாம் படி: முதல் பக்கம்

ஃபிளாஸ்க்கில் ஒரு முகவரிக்கு ஒரு செயற்கூறு எழுதுகிறோம். அது தரவுத்தளத்தைத் திறந்து, வினவலை இயக்கி, கிடைத்த வரிசைகளை, பக்கத்தின் அச்சாக அமையும் வார்ப்புருவுக்கு அனுப்புகிறது. வார்ப்புருக் கோப்புகள் டெம்ப்ளேட்ஸ் என்ற பெயருள்ள கோப்புறையில் இருக்க வேண்டும்; பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பக்கம் வராது. தரவுத்தள இணைப்பை நிரலின் தொடக்கத்தில் ஒரே முறை திறந்து வைக்காமல், ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் திறந்து மூடுங்கள். நிரலில் ஒரே நேரத்தில் பல வேலைகள் தனித்தனி இழைகளாக ஓடலாம்; ஓர் இழையில் திறந்த இணைப்பை வேறோர் இழையில் பயன்படுத்தப் பைத்தான் தொகுதி இயல்பாக அனுமதிப்பதில்லை. தோற்ற அழகு இப்போதைக்குத் தேவையில்லை.

நான்காம் படி: படிவம்

புதிய நூலைச் சேர்க்கும் படிவம் போஸ்ட் முறையில் அனுப்பப்பட வேண்டும். கெட் முறை படிப்பதற்கு, போஸ்ட் முறை மாற்றுவதற்கு என்ற வேறுபாட்டை இங்கே பதியவையுங்கள். சேமித்தபின் வேறு பக்கத்திற்குத் திருப்பிவிடுவதும் கட்டாயம். இல்லாவிட்டால் உலாவியில் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது அதே நூல் மீண்டும் பதிவாகக்கூடும்.

இரண்டு தடுமாற்றங்கள் இங்கே ஏறத்தாழ எல்லாக் குழுவிலும் வரும். மாற்றத்தை நிலையாகப் பதியும் கமிட் கட்டளையை இட மறந்தால் சேர்த்த நூல் பட்டியலில் வராது. மற்றொன்று சற்று நுட்பமானது: வினவலுக்கு ஒரே ஒரு மதிப்பைத் தரும்போது அடைப்புக்குறிக்குள் அதன்பின் காற்புள்ளி இட வேண்டும். இடாவிட்டால் பைத்தான் அந்தச் சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் தனி மதிப்பாக எண்ணி, எண்ணிக்கை பொருந்தவில்லை என்று பிழை காட்டும். பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி உரக்கப் படிக்கும் பழக்கத்தை உண்டாக்கினால், மாணவர்கள் உங்களை அழைப்பது வெகுவாகக் குறையும்.

ஐந்தாம் படி: பாதுகாப்பு

இதை ஒரு விரிவுரையாக நடத்த வேண்டாம், செய்து காட்டுங்கள். தேடல் பெட்டியில் எழுதியதை அப்படியே வினவலுக்குள் ஒட்டும் ஒரு பதிப்பை முதலில் நீங்களே எழுதி இயக்குங்கள். ஒற்றை மேற்கோள் குறி உள்ள நூற்பெயரைத் தேடினால் பக்கம் உடைந்துபோகும். அதே இடைவெளி வழியாக, ஒன்றும் ஒன்றும் சமம் என்ற எப்போதும் உண்மையான நிபந்தனையைச் செலுத்தினால், மறைக்கப்பட வேண்டிய வரிசைகளும் வெளியே கொட்டும். பிறகு மதிப்பின் இடத்தில் கேள்விக்குறியை வைத்து, மதிப்பைத் தனியாக அனுப்பும் முறைக்கு மாற்றுங்கள். இரண்டு தாக்குதல்களும் பலிக்காமல் போவதைக் கண்ணால் பார்த்த மாணவர், பழைய முறையில் எழுதத் தயங்குவார். இந்தச் சோதனையைத் தம் சொந்தத் தளத்தில் மட்டுமே செய்யலாம், பிறர் தளத்தில் செய்வது குற்றமாகலாம் என்பதைத் தெளிவாகக் கூறுங்கள்.

நூற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதியும் ஒருமுறை பார்க்கட்டும். எச்டிஎம்எல் வார்ப்புருக்களில் ஃபிளாஸ்க் சிறப்புக் குறிகளைத் தானே மாற்றிவிடுவதால் அது வெறும் எழுத்தாகவே தெரியும்.

ஆறாம் படி: மற்றவர்களுக்குத் திறத்தல்

இயல்பாகத் தளம் 127.0.0.1 என்ற முகவரியில், அதாவது அந்தக் கணினிக்குள் மட்டுமே திறக்கும். 0.0.0.0 என்று அமைத்தால், வெளி இணைப்புகளைத் தடுக்கும் தீயரண் குறுக்கிடாதவரை, அதே வைஃபையில் உள்ள மற்றவர்களும் அந்தக் கணினியின் உள்வலைப்பின்னல் முகவரி வழியாகப் பார்க்கலாம். அதற்கு முன், பிழைகளை விரிவாகக் காட்டும் ஃபிளாஸ்க்கின் பிழைதிருத்தும் நிலையைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது வெளியாருக்கு உங்கள் கணினியில் நிரல் இயக்கும் வாய்ப்பைத் தரக்கூடியது. எல்லோரும் நூல்களைப் பதியத் தொடங்கியதும் புதிய தேவைகள் எழும். வண்ணமும் எழுத்துருவும் இப்போது வரலாம்.

கடைசி நாளில் சேவையகத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவருக்கும் நிரலின் நகலைக் கொடுங்கள். தரவுத்தளக் கோப்பைச் சேர்க்காமல், அட்டவணைகளை வெறுமையாக உருவாக்கும் எஸ்க்யூஎல் கோப்பை மட்டும் வையுங்கள். வீட்டில் அவர்கள் தங்கள் சொந்தத் தரவை அதில் இட்டுத் தொடரட்டும்.