நீண்ட ஓய்வுக்குப் பின் திரும்பும் பந்தயக் குதிரை: நாம் போடும் தப்புக் கணக்குகள்

1993 டிசம்பர் 26, ஜப்பானின் நகயாமா மைதானம். 2500 மீட்டர் அரிமா கினென் பந்தயத்துக்கு டோகாய் டெய்யோ என்ற குதிரை வந்து நிற்கிறது. அது கடைசியாக ஓடியது முந்தைய ஆண்டின் இதே அரிமா கினெனில். அதில் 11ஆவது இடம். நடுவில் 364 நாட்கள், ஒரு பந்தயம்கூட இல்லை. எதிரே, அந்தப் பருவத்தில்தான் கிக்குக்கா ஷோ என்ற பெரிய பந்தயத்தை வென்ற பீவா ஹயாஹிதே, நல்ல ஓட்டத்தில் இருக்கும் குதிரை. கடைசி நேர்ப்பாதையில் டெய்யோ அதை எட்டிப் பிடித்து அரை லெங்த்தில், அதாவது அரைக் குதிரை நீளத்தில், ஜெயித்தது.

இந்தக் கதையைச் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் பிக் பக்ஸ் என்ற குதிரையை இழுப்பார். தடை தாண்டும் ஹர்டில் பந்தயங்களில் தொடர்ந்து 18 வெற்றி, அப்புறம் தசைநாண் காயம், கிட்டத்தட்ட 14 மாத ஓய்வு. 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமில் திரும்பி வந்தபோது மூன்றாம் இடம்தான் கிடைத்தது. மார்ச்சில் வேர்ல்ட் ஹர்டிலில் ஐந்தாம் இடம். அத்துடன் அதன் ஓட்டம் முடிந்தது.

இரண்டு கதையும் உண்மை. ஆனால் இரண்டையும் வைத்து நாம் செய்வது ஒரே தவறு: நாட்களை எண்ணுகிறோம். "ஒரு வருஷமாக ஓடவில்லை, எப்படி ஜெயிக்கும்?" என்று ஒரு பக்கம், "டெய்யோ ஜெயிக்கவில்லையா?" என்று இன்னொரு பக்கம். எத்தனை நாள் என்பதைவிட, ஏன் ஓடவில்லை என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பருவம் முடிந்து புல்வெளியில் விடப்பட்ட குதிரைக்கும், எலும்பு முறிந்து லாயத்திலேயே அடைபட்டுக் கிடந்த குதிரைக்கும் 200 நாள் என்பது ஒரே 200 நாள் இல்லை.

காயத்திலும் வகை உண்டு. முறிந்த எலும்பு சுத்தமாகக் கூடிவிட்டால் பழைய வேகம் திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. முன்னங்காலின் பின்பக்கம் ஓடும் தசைநாண் கிழிந்தால் கதை வேறு. அது ஆற ஒரு வருடம்வரை ஆகும். ஆறிய இடத்தில் வருவதும் பழைய நார் இல்லை, தழும்புத் திசு. அதற்குப் பழைய மீள்தன்மை கிடையாது, மறுபடியும் அதே இடத்திலோ பக்கத்திலோ கிழியும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. மூச்சுக்குழல் சிகிச்சை என்றால் நிலைமை தலைகீழ். அடைத்துக்கொண்டிருந்த காற்று தடையில்லாமல் போவதால், ஓய்வுக்கு முன்பு இருந்ததைவிட நன்றாக ஓடும் குதிரைகளும் உண்டு. பிரிட்டனில் 2018 முதல் இந்தச் சிகிச்சை செய்த குதிரையை அறிவித்தே ஆக வேண்டும், பந்தயப் பட்டியலிலேயே குறிப்பு வரும். அதைப் பார்க்காமல் கடைசி ஓட்டத்தை மட்டும் வைத்து எடைபோடுவது பாதி விவரத்தோடு பேசுவது.

அடுத்த தவறுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, ஏனென்றால் இதில் தோற்பது நம் கணிப்பு மட்டும் இல்லை, குதிரையின் உயிரும் போகலாம். காலைப் பயிற்சியில் பாய்ந்து ஓடுகிறது, மூச்சு வாங்கவில்லை, உடம்பு மின்னுகிறது, அதனால் தயார் என்று நினைப்பது. குதிரையின் இதயமும் நுரையீரலும் பெரும் கொடை பெற்றவை. சில வாரம் ஓய்வு கொடுத்தாலும் அவற்றின் திறன் அவ்வளவாகக் குறையாது, குறைந்ததும் சீக்கிரம் திரும்பிவிடும். எலும்பு அப்படி இல்லை. வேகமாக ஓடும்போது விழும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. பாரம் நின்றால், இது தேவையில்லை என்று கரைத்தும் விடுகிறது. மறுபடி வேகப் பயிற்சி தொடங்கும்போது, உடல் முதலில் சேதமான பழைய எலும்பை அரித்து எடுக்கும், பிறகுதான் புதியதை நிரப்பும். இந்த இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள், எலும்பு வெளியே தெரியாமல் பலவீனமாக இருக்கும். நுரையீரல் "ஓடு" என்று சொல்லும், எலும்பு இன்னும் தயாராகியிருக்காது. இரண்டு மூன்று மாத ஓய்விலிருந்து திரும்பிய குதிரைகளுக்கு மேற்கை எலும்பில் முறிவு ஏற்படுவதைக் கால்நடை மருத்துவர்கள் தனியாகவே எச்சரிப்பது இதனால்தான்.

ஆகவே வாரக்கணக்கில் நடை, மென்னோட்டம், மெதுவான கேலப் (பாய்ச்சல் ஓட்டம்) என்று ஏறிப் போகும் பயிற்சியாளரைப் பார்த்து "இழுத்தடிக்கிறார்" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சரி, குதிரை திரும்பி வந்து முதல் பந்தயமும் ஓடிவிட்டது. இங்கேதான் நம்மில் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறோம். அந்த ஒரே ஓட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

ஜெயித்தால் முழுசாகத் திரும்பிவிட்டது என்று நினைப்போம். ஃபோகீன் 665 நாள் கழித்து, 2017 நவம்பரில் அயர்லாந்தின் பஞ்சஸ்டவுனில் மோர்ஜியானா ஹர்டிலில் இறங்கி 16 லெங்த்தில் ஜெயித்தது. பார்த்தவர்களுக்குப் பழைய ஃபோகீன் வந்துவிட்டது என்றே தோன்றியது. டிசம்பரில் லெபர்ட்ஸ்டவுனில் அடுத்த பந்தயம். ஓட முடியாமல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. புத்துணர்ச்சியோடு வரும் குதிரை முதல் நாளில் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, அடுத்த முறை வெறுங்கையோடு நிற்பதை ரேஸ் உலகில் 'பவுன்ஸ்' என்பார்கள். ஒவ்வொரு குதிரைக்கும் இது நடக்காது. ஆனாலும் பெரிய முயற்சிக்கு அடுத்த ஓட்டத்தை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஃபோகீன் 2018 ஏப்ரலில் அதே பஞ்சஸ்டவுனில் நீண்ட தூர ஹர்டில் ஒன்றை வென்றது, அதையும் சொல்ல வேண்டும்.

தோற்றால் முடிந்தது என்போம். டென்மன் 2008இல் செல்ட்டன்ஹாம் கோல்ட் கப்பை வென்ற குதிரை. பிறகு இதயத் துடிப்பில் சீர்கேடு. 2009 பிப்ரவரியில் திரும்பியபோது 23 லெங்த்தில் தோற்றது. கதை முடிந்தது என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். அடுத்த மாதமே கோல்ட் கப்பில் இரண்டாம் இடம், அந்த நவம்பரில் ஹென்னெஸி பந்தயத்தில் வெற்றி.

ஸ்ப்ரின்டர் சேக்ரே இன்னும் பெரிய பாடம். 2013 டிசம்பரில் கெம்ப்டனில் இதயத் துடிப்புக் கோளாறால் பாதியில் நின்றது. 2015 ஜனவரியில் திரும்பி இரண்டாம் இடம், நம்பிக்கை வந்தது. மார்ச்சில் சாம்பியன் சேஸில் மறுபடி பாதியில் நின்றது, நம்பிக்கை போனது. அப்புறம் அதே நவம்பரில் 14 லெங்த்தில் வெற்றி, 2016 மார்ச்சில் மறுபடியும் சாம்பியன் சேஸ் வெற்றி. முதல் பந்தயத்துக்கும் உண்மையான மீட்சிக்கும் நடுவே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதன் பயிற்சியாளர் நிக்கி ஹெண்டர்சன் அவசரப்பட்டிருந்தாலோ கைவிட்டிருந்தாலோ அந்த 2016 மார்ச் நாள் வந்திருக்காது.

எல்லாக் குதிரைக்கும் ஒரே அளவுகோல் வைப்பதும் தப்பு. குறுந்தூரக் குதிரைகள் ஓய்விலிருந்து நேராக வந்து உச்சத்தில் ஓடுவது சகஜம். பிளாக் கேவியர் 2012 ஜூனில் அஸ்காட்டில் ஓடியபின் எட்டு மாதம் கழித்து, 2013 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் பிளெமிங்டனில் 1000 மீட்டரை 55.42 விநாடியில் ஓடி 1988 முதல் நின்ற மைதானச் சாதனையை முறித்தது. நீண்ட தூரக் குதிரைக்கு அந்த 1000 மீட்டர் உடம்பைச் சூடேற்றவே போதாது. 3000 மீட்டரை நோக்கி வளர்க்கப்படும் குதிரையை 1400 மீட்டரில் இறக்கிவிட்டால், அது ஆறாவதாக வந்து கடைசியில் வேகம் கூட்டியதே நல்ல செய்தி. ஆஸ்திரேலியப் பந்தயப் பட்டியலில் ஓய்வுக்குப் பின் முதல் ஓட்டம், இரண்டாம் ஓட்டம் என்று ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனிக் கணக்கு போடுகிறார்கள். அந்தக் குதிரை ஓய்வுக்குப் பின் இதற்கு முன் எப்படி ஓடியிருக்கிறது என்பதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

எந்தப் பந்தயத்துக்காகத் திரும்புகிறது என்பதையும் கேளுங்கள். எனேபிள் முழங்கால் காயத்தால் 11 மாதம் ஓடாமல் இருந்தது. 2018 செப்டம்பரில் கெம்ப்டனின் செயற்கைத் தளத்தில் ஒரே ஒரு பந்தயம், அடுத்த மாதம் பாரிஸில் நடக்கும் ஆர்க் என்ற பெரிய பந்தயத்தில் வெற்றி. பயிற்சியாளர் ஜான் காஸ்டன் தயார் செய்தது ஆர்க்குக்கு, கெம்ப்டன் வெறும் படிக்கட்டு. டா ஹாஸ் இன்னும் அதிசயம். 1996இல் அமெரிக்காவின் பெரிய பந்தயமான பிரீடர்ஸ் கப் மைல் வென்றது, பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் காணாமல் போனது, 1998 அக்டோபரில் ஒரு சாதாரணப் பந்தயம் ஓடியது, நவம்பரில் மறுபடி அதே பிரீடர்ஸ் கப் மைலை வென்றது. இப்படிப்பட்ட குதிரைகளின் முதல் ஓட்டம் தோல்வியாக இருந்திருந்தாலும் அதற்குப் பெரிய அர்த்தம் இருந்திருக்காது.

எடையை மறந்துவிடுகிறோம். ஜப்பானில் பந்தய நாளன்று ஒவ்வொரு குதிரையின் எடையையும் கடைசி ஓட்டத்திலிருந்து எவ்வளவு கூடியது குறைந்தது என்பதையும் வெளியிடுகிறார்கள். கூடியது எல்லாம் கொழுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று வயதில் ஓய்வுக்குப் போய் நான்கு வயதில் வருவது இன்னும் வளரும் உடம்பு, அதில் கூடிய எடை தசையாக இருக்கலாம். எட்டு ஒன்பது வயதில் திரும்பும் குதிரையிடம் அதே ஏற்றத்தைப் பார்த்தால் யோசிக்கத்தான் வேண்டும். பிக் பக்ஸ் திரும்பியபோது அதற்கு வயது 11.

பந்தயம் முடிந்த மறுநாள் காலை, பயிற்சியாளர் முதலில் தீவனத் தொட்டியைப் பார்ப்பார், மிச்சம் வைத்திருக்கிறதா என்று. அப்புறம் குனிந்து நான்கு கால்களையும் கையால் தடவிப் பார்ப்பார், எங்காவது சூடு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று. தொட்டி காலியாகவும் கால்கள் குளிர்ந்தும் இருந்தால்தான் அடுத்த பந்தயத்தின் தேதியைப் பற்றிப் பேசுவார்.