பள்ளி நேரத்தில் தாறுமாறாக வண்டி ஓட்டுபவர்: அந்த நிமிடத்திலும் அதன் பிறகும் செய்யவேண்டியவை

பிள்ளைகளை விடும் நேரத்திலோ அழைத்துப்போகும் நேரத்திலோ ஒருவர் ஆபத்தாக வண்டி ஓட்டினால், பெரும்பாலான பெற்றோர் அங்கேயே கத்துகிறார்கள், இல்லையென்றால் முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எது செய்தாலும் மறுநாள் காலை அதே வண்டி அதே வேகத்தில் வரும். அந்த ஓட்டுநரைத் தடுக்கும் அதிகாரம் பள்ளி நிர்வாகத்திடமும் காவல்துறையிடமும் சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்திடமும் இருக்கிறது. தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கொடுத்தால்தான் அவர்கள் அசைவார்கள். ஆகவே சாலையில் நிற்கும்போது பிள்ளையைக் காப்பது ஒன்றே வேலை. மற்றதெல்லாம் சாலையை விட்டு நகர்ந்த பிறகு.

சாலையில் நிற்கும்போது

வண்டி வேகமாக வருகிறது என்றால் முதலில் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடியுங்கள். விரல்களைப் பிடித்திருந்தால் பயந்து உதறும்போது நழுவிவிடும். சாலை விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது பின்னுக்கு வாருங்கள். தெருமுனை என்றால் இன்னும் தள்ளி நில்லுங்கள். பஸ், லாரி போன்ற நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கம் ஒட்டிக்கொண்டு வரும். நடைபாதையில் பிள்ளை சுவர்ப் பக்கம், நீங்கள் சாலைப் பக்கம்.

கடக்கும் இடத்தில் ஆளை அதிகம் ஏமாற்றுவது நின்று வழிவிடும் வண்டிதான். ஒரு கார் நிற்கிறது, பிள்ளை ஓடுகிறது, பக்கத்துத் தடத்தில் இன்னொருவர் நின்ற காரை முந்திக்கொண்டு வருகிறார். முந்துபவருக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கு அவரைத் தெரியாது. நின்ற வண்டியின் வெளி ஓரம் வரை நடந்து, அங்கே மறுபடி நின்று, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தடத்தில் கால் வைக்கவேண்டும். ஓட்டுநர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று அவர் முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சக்கரத்தைப் பாருங்கள். அது சுழல்வது நின்ற பிறகு நடக்கலாம்.

நிறுத்தி வைத்திருக்கும் கார்களுக்கு நடுவே புகுந்து கடக்கக்கூடாது. வேறு வழியே இல்லையென்றால் இரண்டு கார்களிலும் ஓட்டுநர் இருக்கையைக் கவனியுங்கள். ஆள் உட்கார்ந்திருந்தால், பின்பக்கம் வெள்ளை விளக்கு எரிந்தால், முன்சக்கரம் சாலைப் பக்கம் திரும்பியிருந்தால், அந்தக் கார் கிளம்பப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரமான பானெட் உள்ள வண்டிக்கு நேர் முன்னால் நிற்கும் சிறு பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்கே படாமல் போகலாம்.

தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளையிடம் "பார்த்துக் கட" என்று விட்டுவிடுவது போதாது. மணிக்கு 30 கி.மீ.க்குச் சற்று மேல் வரும் வண்டி நெருங்குவதை அந்த வயதுக் கண்கள் நம்பகமாக உணர்வதில்லை என்று இங்கிலாந்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வு காட்டியது. கவனக்குறைவு என்று பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. பார்வையின் அந்தத் திறன் இன்னும் வளரவில்லை, அவ்வளவுதான்.

வண்டிக்கு முன்னால் போய் மறிப்பது, பானெட்டைத் தட்டுவது, பின்னால் துரத்துவது எதுவும் வேண்டாம். ஆத்திரத்தில் இருப்பவர் கால் ஆக்சிலரேட்டரில் இருக்கிறது. உங்கள் பிள்ளை உங்கள் பின்னாலேயே ஓடிவரும். இன்னொன்றும் உண்டு. நீங்கள் காரைத் தட்டிய நொடியிலிருந்து அது ஆபத்தான ஓட்டுதல் பற்றிய புகார் இல்லை, இரண்டு பேருக்கு நடந்த தகராறு. அப்புறம் நீங்கள் எவ்வளவு சரியாக எழுதிக் கொடுத்தாலும் அப்படித்தான் படிப்பார்கள்.

ஓட்டுநர் குடித்திருப்பதுபோல் தெரிந்தால், வண்டி தடம் மாறி மாறி அலைந்தால், நடைபாதையில் ஏறி வந்தால் குறிப்பெடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே அவசர எண்ணை அழைத்து முதலில் இடத்தையும் வண்டி போகும் திசையையும் சொல்லுங்கள், பிறகு நிறம், எண். அழைப்பு பாதியில் அறுந்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

எழுதி வைப்பது

பிள்ளையை உள்ளே விட்டதும், பத்து நிமிடத்துக்குள், போனில் எழுதிவிடுங்கள். மாலை வரை தள்ளினால் வண்டி எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறிவிடும். நினைவில் எண்ணைப் பிடிக்க முடியாதவர்கள் போனின் குரல் பதிவில் அங்கேயே சொல்லி வைத்துக்கொள்ளலாம்.

தேதி, நிமிடத்தோடு நேரம், எந்த இடம், எந்தத் திசை, வண்டி எண், வகை, நிறம், வெளிச்சமும் மழையும் எப்படி இருந்தன, கூட யார் பார்த்தார்கள் என்பது வேண்டும். இவற்றுக்கு நடுவே ஓட்டுநர் என்ன செய்தார் என்ற வரிதான் உயிர். அதில் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "கண்மண் தெரியாமல் ஓட்டினார், கொஞ்சமும் பொறுப்பில்லாதவர்" என்று எழுதினால் படிப்பவருக்கு உங்கள் கோபம் மட்டுமே தெரியும். இப்படி எழுதுங்கள்: "காலை 8.41. பள்ளி வாசலுக்கு எதிரே உள்ள ஜீப்ரா கிராசிங்கில் இரண்டு பிள்ளைகள் பாதி தூரம் வந்திருந்தனர். வெள்ளை நிறக் கார் வேகம் குறைக்கவில்லை. முன்னால் இருந்த பிள்ளை இரண்டு அடி பின்வாங்கியது. கார் அதன் முன்னால் கடந்து போனது. ஓட்டுநரின் ஒரு கையில் போன் இருந்தது." இதில் ஓட்டுநரைப் பற்றி ஒரு அடைமொழிகூட இல்லை. ஆனாலும் மறுக்க முடியாது.

ஓட்டுநரின் கையில் போன் இருப்பதை நீங்களே பார்த்திருந்தால் மட்டும் அதை எழுதுங்கள். தலை குனிந்திருந்தது மட்டும் தெரிந்தால் "தலை குனிந்திருந்தது" என்றே எழுதுங்கள். ஒரு வரி பொய்யென்று நிரூபித்துவிட்டால் மீதி எல்லா வரிகளும் அதோடு போய்விடும்.

டேஷ்கேம் (காரின் முன்கண்ணாடியில் பொருத்தும் கேமரா) இருந்தால் அதன் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். நேரம் தவறான காட்சி புகாரைக் கெடுக்கும். மெமரி கார்டு நிறைந்ததும் டேஷ்கேம் பழைய பதிவுகளின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும், அதனால் வண்டியை நிறுத்தியதும் அந்தப் பதிவை லாக் செய்து அன்றே நகல் எடுக்கவேண்டும். பதிவை வெட்டாதீர்கள், வேகம் மாற்றாதீர்கள். முழுக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிவிடும், நம்பர் பிளேட் மங்கிப்போகும். டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள்.

அந்த வீடியோவைப் பெற்றோர் குழுவில் போட்டு "இவரைத் தெரியுமா" என்று கேட்கவேண்டாம். அதில் மற்ற பிள்ளைகளின் முகங்கள் இருக்கும். எண்ணைத் தவறாகப் படித்திருந்தால் சம்பந்தமில்லாத ஒரு குடும்பம் மாட்டிக்கொள்ளும், சரியாகப் படித்திருந்தாலும் அவதூறு வழக்கு உங்கள்மேல் திரும்பலாம்.

வேகத்தைக் கருவி இல்லாமல் கணக்கிடுவது

"ரொம்ப வேகமாகப் போனார்" என்பதைவிட ஒரு எண் பெரிய உதவி. சாலையோரம் அசையாத இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு விளக்குக் கம்பம், ஒரு கேட். இரண்டுக்கும் நடுவே 50 மீட்டர் இருக்கும்படி டேப்பால் அளந்துகொள்ளுங்கள். வண்டியின் முன் பம்பர் முதல் பொருளைத் தாண்டும்போது தொடங்கி, இரண்டாவதைத் தாண்டும்போது நிறுத்துங்கள். 180ஐ அந்த நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 6 நொடி என்றால் 30, 4.5 நொடி என்றால் 40, 3.6 நொடி என்றால் 50.

ஸ்டாப்வாட்ச் அழுத்தும் விரல் தாமதிக்கும், அதனால் போனை ஒரு இடத்தில் ஊன்றி வைத்து வீடியோ எடுப்பது நல்லது. நொடிக்கு 30 படம் என்ற அமைப்பில் எடுத்தால், இரண்டு குறிகளுக்கு நடுவே 108 படம் ஓடியிருந்தால் 3.6 நொடி. வண்டி வரும் திசைக்கு நேராக நின்று எடுத்தால் எப்போது தாண்டியது என்று தெரியாது. சாலைக்குப் பக்கவாட்டில், இரண்டு குறிகளும் தெரியும் தூரத்தில் தள்ளி நில்லுங்கள். இந்தக் கணக்கை வைத்து யாருக்கும் அபராதம் போடமாட்டார்கள். ஆனால் அதே நேரத்தில், அதே இடத்தில் வேகம் அளக்கும் கருவியோடு வந்து நில்லுங்கள் என்று காவல்துறையைக் கேட்க இது வலுவான காரணம்.

30க்கும் 50க்கும் உள்ள வித்தியாசத்தை அதிகாரியிடம் இப்படி விளக்குங்கள். காய்ந்த சாலையில், பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும் என்று கொண்டால், 30ல் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50ல் வரும் கார் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். அதாவது முதல் கார் முழுதாக நின்ற இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது காரில் பிரேக்கே இன்னும் பிடிக்கவில்லை. அது 50லேயே மோதும். அது நிற்பதற்கு 28 மீட்டர் வேண்டும், ஈரச் சாலையில் அதைவிட நிறைய.

ஓட்டுபவர் இன்னொரு பெற்றோர் என்றால்

பள்ளி வாசலில், பிள்ளைகள் முன்னால் பேசாதீர்கள். அவமானப்பட்டவர் தன் பிள்ளையின் எதிரில் தவறை ஒப்புக்கொள்ளமாட்டார். அன்று மாலையோ மறுநாளோ, தனியாக, ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துப் பேசுங்கள். "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. "நேத்து காலைல நீங்க ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு சின்னப் பொண்ணு உங்க வண்டிக்குப் பின்னாடி இருந்தா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதான் சொல்லலாம்னு வந்தேன்" என்றால் அவர் திரும்பிப் பார்க்க இடம் இருக்கிறது. தாமதத்தைக் காரணம் சொன்னால் கணக்கைச் சொல்லலாம்: பள்ளியை ஒட்டிய 300 மீட்டரில் 30க்குப் பதில் 50ல் போனால் மிச்சமாவது 14 நொடி. குரல் உயர்ந்தால் நகர்ந்துவிடுங்கள், இரண்டாம் முறை முயல வேண்டாம், அடுத்தது பள்ளிக்குக் கடிதம்.

பிள்ளை போகும் வேனின் ஓட்டுநர் என்றால்

இது எல்லாவற்றிலும் அவசரமானது, ஏனென்றால் ஆபத்துக்குள்ளேயே பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. பிள்ளையிடம் "மாமா வேகமா ஓட்டுறாரா?" என்று கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் வரும். "இன்னிக்கு வேன்ல என்ன நடந்துச்சு?" என்று பொதுவாகக் கேளுங்கள், பிறகு "யார் யார் எங்க உட்கார்ந்தீங்க? நிக்க வேண்டி வந்துச்சா? மாமா போன் பேசினாரா?" என்று ஒவ்வொன்றாக. அதே வேனில் பிள்ளையை அனுப்பும் வேறு இரண்டு குடும்பங்களும் தனித்தனியாகத் தங்கள் பிள்ளைகளைக் கேட்கட்டும். மூன்று பதில்களும் ஒத்துப்போனால் ஐயம் வேண்டாம்.

ஒருநாள் வேனை உங்கள் வண்டியில், நெருங்காமல், சாதாரணமாகப் பின்தொடர்ந்து பாருங்கள். கதவு மூடும் முன் நகர்கிறதா, பிள்ளை உட்காரும் முன் கிளம்புகிறதா, சாலையின் எதிர்ப்பக்கத்தில் இறக்கிவிட்டுத் தனியாகக் கடக்கவிடுகிறதா என்பவை வேகத்தைவிட முக்கியம். வேனை நடத்துபவரிடமும் பள்ளியிடமும் எழுத்தில் கொடுங்கள், பதில் வரும் வரை பிள்ளையை அதில் அனுப்பாதீர்கள். மாற்று ஏற்பாடு சிரமம்தான். ஆனால் நிறுத்திவிட்டுப் புகார் கொடுக்கும் குடும்பத்துக்குப் பதில் விரைவாக வரும். ஓட்டுநரிடம் நேரே சண்டை போட்டால் மறுநாள் அவர் கையில்தான் பிள்ளையை ஒப்படைக்கவேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

யாரிடம், எப்படி

ஒரே வண்டி மறுபடி மறுபடி என்றால் காவல்துறை. ஐந்தாறு வெவ்வேறு வண்டிகள் அதே இடத்தில் அதே தவறைச் செய்தால் ஓட்டுநர்களைவிடச் சாலையின் அமைப்பில் குறை அதிகம். அது சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குப் போகவேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம். குறிப்பேட்டின் வரிகள் நான்கைந்து, கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை. "நடவடிக்கை எடுக்கவும்" என்பதற்கு என்ன செய்தாலும் பதிலாகிவிடும். "காலை 8.30 முதல் 8.50 வரை வாசலில் ஒரு காவலர் நிற்கவேண்டும்" என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் சொல்ல முடியும். பதிவு எண்ணையோ கையெழுத்திட்ட நகலையோ வாங்காமல் வராதீர்கள். இரண்டு வாரம் கழித்து அந்த எண்ணைக் குறிப்பிட்டு அடுத்த கடிதம்.

பள்ளியிடம் கேட்கக்கூடியவை: வகுப்புகளை பத்து நிமிட இடைவெளியில் விடுவது, வாசலை ஒட்டி வண்டி நிறுத்த விடாமல் தடுப்பது, இறக்கிவிடும் இடத்தைச் சற்றுத் தள்ளி வைத்து அங்கிருந்து பிள்ளைகளைக் கூட்டமாக நடத்தி வருவது. பெற்றோர் தன்னார்வலர்கள் பிள்ளைகளை ஒழுங்காக நிறுத்தலாம்; ஆனால் பல இடங்களில் வண்டிகளை நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது, மறிக்கப் போனால் அடிபடுவது அவர்கள்தான். சாலை அலுவலகத்திடம் சாலை மட்டத்தைவிட உயர்த்திய கடவை (நடப்பவர்கள் கடக்கும் இடம்), வேகத்தடை, கடவைக்கு முன்னால் வண்டி நிற்கவிடாத கம்பங்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். பள்ளி தொடங்கும், முடியும் நேரத்தில் மட்டும் தெருவை வண்டிகளுக்கு மூடும் முறை இத்தாலியின் போல்சானோ நகரில் 1989ல் தொடங்கியது, இன்று பல நாடுகளில் நடக்கிறது. நடக்காத ஒன்றைக் கேட்கிறீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் ஓட்டும்போது பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால்

அவருக்குப் பாடம் புகட்ட பிரேக்கைத் தட்டாதீர்கள், பின் இருக்கையில் இருப்பது உங்கள் பிள்ளை. முன்னால் போகும் வண்டியோடு உள்ள இடைவெளியைக் கூட்டுங்கள். அப்போது திடீரென்று பிரேக் போடவேண்டிய தேவை உங்களுக்கு வராது, அவர் உங்கள்மேல் மோதவும் வாய்ப்பு குறையும். இண்டிகேட்டர் போட்டு ஓரம் வந்து அவரைப் போகவிடுங்கள். போகாமல் பின்தொடர்ந்தால் கதவுகளைப் பூட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கோ காவல் நிலையத்துக்கோ ஓட்டுங்கள். வீட்டுக்கும் போகாதீர்கள், பள்ளி வாசலுக்கும் போகாதீர்கள். பிள்ளை எங்கே படிக்கிறது என்று அவருக்குத் தெரியவேண்டாம். வழியிலேயே பள்ளிக்குப் போன் செய்யச் சொல்லி வீட்டில் ஒருவரிடம் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் சொல்லிவிடலாம், அன்றைக்குத் தாமதமாக வந்தால் பரவாயில்லை.