மினியேச்சரா, டாயா? வீட்டிலேயே நாயை அளந்து பார்ப்பது எப்படி

குட்டி விற்கிறவர் ‘டீ கப்’ என்பார், ‘மினி பக்’ என்பார். எந்த இனத்தின் தர விதியிலும், அதாவது நாய்ச் சங்கங்கள் இனத்துக்கு வகுத்த அளவு, தோற்ற விதியிலும், ‘டீ கப்’ என்ற வகை கிடையாது. பக் நாய்க்கு மினியேச்சரே இல்லை. குட்டியைப் பார்த்து வகை சொல்ல முடியாது, வளர்ந்த நாயை அளந்தால்தான் தெரியும்.

முதல் வேலை, இடம். வேலூர் வீடுகளில் கடப்பா கல் தரை சமமாகத்தான் இருக்கும், ஆனால் வழுக்கும். கால் விரிந்தால் உயரம் குறைந்து விழும். அதனால் சுவரோரம் மெல்லிய ரப்பர் பாய் விரித்து, அதன் மேல் நாயை நிறுத்துங்கள். பாயின் மேற்பரப்பிலிருந்துதான் அளக்க வேண்டும். வெயில் ஏறுமுன் காலையிலேயே முடித்துவிடுங்கள். மூச்சிரைக்கும் நாய் அசையாமல் நிற்காது.

அடுத்து, தோள் உச்சி. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் விரலால் தடவினால் இரண்டு தோள் எலும்புகளின் முனை தட்டுப்படும். நாயின் உயரம் தரையிலிருந்து இந்த முனைவரைதான்; தலை உயரம் கணக்கில் வராது. முன்கால் இரண்டும் நேராக, செங்குத்தாக நிற்கட்டும். ஒருவர் முகத்தைப் பிடித்துக்கொண்டால் நல்லது; தலையைத் தூக்கியும் அமுக்கியும் பிடிக்கக் கூடாது.

தச்சரின் ரசமட்டத்தைத் தோள் உச்சியில் குறுக்கே வைத்து, ஒரு முனையைச் சுவரில் முட்டவிடுங்கள். குமிழி நடுவில் நிற்கும்போது அடிவிளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு. பாயிலிருந்து கோடுவரை ஸ்டீல் டேப்பால் அளங்கள். பூடிலுக்கு முடியை நன்றாக அழுத்துங்கள், இல்லையென்றால் புசுபுசுப்பையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். டேப்பை உடல் வளைவோடு ஓட்டினாலும் கணக்கு கூடிவிடும். மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்துவந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

எஃப்சிஐ (சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பு) விதிப்படி பூடில் 24-28 செ.மீ. என்றால் டாய், 28-க்கு மேல் 35 வரை மினியேச்சர், 45 வரை மீடியம், அதற்கு மேல் ஸ்டாண்டர்டு. அமெரிக்க விதியில் டாய்க்கு உச்சவரம்பு 10 அங்குலம், அதாவது 25.4 செ.மீ. ஆகவே 27 செ.மீ. பூடில் ஓரிடத்தில் டாய், இன்னோரிடத்தில் மினியேச்சர். இணையத்தில் அங்குலக் கணக்கைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மினியேச்சர் ஷ்னாசர் 30-35, மினியேச்சர் பின்ஷர் 25-30 செ.மீ. பொமரேனியன் 18-24 செ.மீ.தான், நம் தெருக்களில் ‘பொம்’ என்று கூப்பிடும் வெள்ளை நாய்களில் பல இந்தியன் ஸ்பிட்ஸ், அது தனி இனம்.

டாஷ்ஹண்டுக்கு எஃப்சிஐ உயரம் பார்ப்பதில்லை, மார்புச் சுற்றளவுதான். தையல் டேப்பை முன்கால்களுக்குப் பின்னால், மார்பு அகன்ற இடத்தில் சுற்றுங்கள். இறுக்கவும் வேண்டாம், தொங்கவும் வேண்டாம். மினியேச்சர் என்றால் ஆண் 32-37, பெண் 30-35 செ.மீ. 15 மாதம் முடியுமுன் அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

எல்லைக்கோட்டில் நிற்கிற நாயென்றால் ஷோவுக்குப் பெயர் கொடுக்குமுன் நடத்துபவர்களிடம் எந்த விதி என்று கேட்டுவிடுங்கள். டாய் பிரிவில் கட்டணம் கட்டி, ரிங்கில் அளந்து வெளியே அனுப்பினால் அலைச்சல்தான் மிச்சம்.