ரிமோட் சாவிக்கு வண்டி இணங்காதபோது: புரோகிராமிங்குக்கு முன் பார்க்க வேண்டியவை

நேற்று இரவு வரை ஒழுங்காக வேலை செய்த சாவி இன்று காலை காரை எழுப்ப மறுத்தால், பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது புரோகிராமிங்குக்கு, அதாவது சாவியின் அடையாளத்தை வண்டியில் பதிவதற்கு, எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். ஆனால், வண்டியின் நினைவகத்தில் ஒருமுறை பதிந்த சாவியின் அடையாளம் தானாக அழிவது அரிது. கோளாறு அநேகமாக வேறெங்கோ இருக்கும்; அது எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் புரோகிராமிங்குக்குப் பணம் கொடுப்பது வீண்.

இக்னிஷனில் செருகித் திருப்பும் ரிமோட் சாவிக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கருவிகள் இருக்கின்றன. கதவைத் திறந்து பூட்டும் ரிமோட் 3 வோல்ட் பட்டன் பேட்டரியில் இயங்கி, இந்திய வண்டிகளில் பொதுவாக 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை அனுப்புகிறது. தெரியாத சாவிக்கு எஞ்சினை ஓடவிடாமல் தடுக்கும் இம்மொபிலைசருக்கான டிரான்ஸ்பாண்டர் சிப்புக்கோ பேட்டரியே கிடையாது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் உண்டாக்கும், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான காந்தப்புலத்திலிருந்தே அது மின்சக்தியைப் பெற்றுத் தன் குறியீட்டைத் தெரிவிக்கிறது. குறியீடு பொருந்தாவிட்டால் எஞ்சின் ஓட அனுமதி கிடைக்காது. ஆகவே கதவு மறுக்கிறதா, எஞ்சின் மறுக்கிறதா என்பதே முதல் கேள்வி.

எஞ்சின் ஓடுகிறது, கதவு மட்டும் ரிமோட்டுக்குத் திறக்கவில்லை என்றால் பட்டன் பேட்டரியைப் பாருங்கள். பழையதன் மேல் சிஆர் 2032, சிஆர் 1620 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்ணையே வாங்க வேண்டும். புதியது மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.8-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. மாற்றியும் பலனில்லை என்றால் ரிமோட்டும் வண்டியும் ஒத்திசைவை இழந்திருக்கலாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறிக்கொண்டே போவதால், வண்டி அருகில் இல்லாதபோது குழந்தைகள் பொத்தானைப் பலமுறை அழுத்தி விளையாடினால் இரண்டின் கணக்கும் விலகிவிடக்கூடும். இதைச் சரிசெய்யும் முறை வண்டிக்கு வண்டி வேறுபடும் என்பதால், உரிமையாளர் கையேட்டில் சொல்லியபடியே செய்யுங்கள். இரண்டு சாவிகளின் ரிமோட்டும் ஒரே நாளில் நின்றுபோனால் குறை வண்டியின் ஃபியூஸிலோ ரிசீவரிலோ இருக்கலாம். அந்த இடத்தில் மட்டும் வரும் அலை இடையூறாகவும் இருக்கலாம் என்பதால், வண்டியை வேறோர் இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள்.

கதவு திறந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், இக்னிஷனை ஆன் செய்து டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ உள்ள விளக்கைக் கவனியுங்கள். எரிந்து அணைந்தால் சாவி ஏற்கப்பட்டுவிட்டது, பழுது எரிபொருள் பம்ப் போன்ற வேறிடத்தில் என்று பொருள். விடாமல் மினுக்கினால் சாவி ஏற்கப்படவில்லை. (பூட்டி நிறுத்திய வண்டியில் மெல்ல மினுக்கும் சிவப்பு விளக்கு காவல் அறிகுறி மட்டுமே.) இந்நிலையில் இம்மொபிலைசரைக் குறை சொல்வதற்கு முன் வண்டியின் பெரிய பேட்டரியை அளந்துவிடுங்கள். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் இருக்க வேண்டியது 12-ஐ நெருங்கியிருந்தால், மின்னழுத்தக் குறைவினாலேயே நல்ல சாவியும் மறுக்கப்படக்கூடும். பிறகு வளையத்திலுள்ள மற்றச் சாவிகளையும் உலோகப் பொருள்களையும் கழற்றிவிட்டு, அந்தச் சாவியை மட்டும் செருகிப் பாருங்கள். பக்கத்தில் இன்னொரு சிப் சாவி இருந்தால் அது குறுக்கிடக்கூடும். இரண்டாவது சாவியில் வண்டி ஓடினால் குறை முதல் சாவியின் சிப்பில். இரண்டிலும் ஓடாவிட்டால் கம்பிச்சுருளையும் அதன் இணைப்புகளையும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

சாவிக்கூட்டை மாற்றிய பிறகு இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான். பல சாவிகளில் சிப் சர்க்யூட் பலகையில் இல்லாமல், அரிசிமணியை விடச் சற்றே பெரிய கறுப்புத் துண்டாகவோ கண்ணாடிக் குழாயாகவோ கூட்டின் மூலையில் தனியே ஒட்டியிருக்கும். பழைய கூட்டோடு அதுவும் குப்பைக்குப் போய்விட்டால், ரிமோட் கதவைத் திறக்கும், எஞ்சின் மட்டும் ஓடாது. பழைய கூட்டைத் தேடியெடுத்துச் சிப்பைப் பெயர்த்துப் புதியதில் பொருத்தினால் போதும்.

பொத்தானால் ஸ்டார்ட் செய்யும் வண்டியில், பேட்டரி தீர்ந்த சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல மாடல்களில் எஞ்சின் ஓடும். சிலவற்றில் அதற்கென்று வேறோர் இடம் உண்டு.

இவையெல்லாம் பொய்த்த பிறகே புரோகிராமிங். சில முறைகளில் பழைய பதிவுகள் முழுவதும் அழிக்கப்பட்டு எல்லாச் சாவிகளும் புதிதாகப் பதியப்படும் என்பதால், வீட்டிலுள்ள அத்தனை சாவிகளையும் எடுத்துச் செல்லுங்கள். வண்டி வாங்கியபோது கொடுத்த சாவி எண் பட்டையும், ரகசிய பின் (PIN) எண் இருந்தால் அதுவும் கையில் இருந்தால் வேலை எளிதாகும். பின் எண்ணை ஊகித்துப் போட விடாதீர்கள், தவறான முயற்சிகளுக்குப் பின் சில வண்டிகள் பூட்டிக்கொள்ளும். பழைய சாவிகளை மலிவாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல வகைச் சிப்கள் முதல் வண்டியோடு பிணைக்கப்பட்டபின் வேறு வண்டியை ஏற்பதில்லை, 315 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டோ 433-க்கான ரிசீவரோடு பேசவே பேசாது.

சாவி தொலைந்திருந்தால் அதன் பதிவை நீக்கச் சொல்லுங்கள். ஆனால் அதன் உலோகப் பகுதி கதவை இன்னமும் திறக்கும். வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு மூலச் சாவிகளையும் கேட்பது வழக்கம் என்பதால், தொலைந்ததற்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழுதான சாவியையும் எறிந்துவிடாதீர்கள்.