ஸ்ட்ரிப்பில் கோடு விழவில்லை என்றால் சாப்பாடு நல்லதா?

சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியெங்கும் புளியோதரையும் தயிர்சாதமும் பொட்டலம் பொட்டலமாகப் போகும். விடியுமுன் கிண்டிய சோறு, மதியம் வரை வெயிலில் இருக்கும். அதனால்தான் கேட்டரிங் நடத்துபவர்கள் கேட்கிறார்கள்: “பதினைந்து நிமிஷத்தில் நச்சைக் காட்டும் கிட் இருக்காமே, வாங்கி வைக்கலாமா?” தாராளமாக வாங்கலாம். ஆனால் கிட்டில் இருக்கும் ஒரு ஸ்ட்ரிப், அதாவது கோடு விழுவதை வைத்து முடிவு சொல்லும் சோதனைப் பட்டை, ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எந்தக் கேள்வி என்று தெரியாமல் முக்கி எடுப்பதுதான் முதல் தவறு.

பரவலாகக் கிடைப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் விடும் நச்சுக்கான கிட். சமைப்பவரின் மூக்கிலும் கைக்காயத்திலும் இருந்து பாசந்திக்கோ பால்கோவாவுக்கோ வந்து சேரும் கிருமி அது. சூடுபடுத்தினால் கிருமி சாகும். நச்சு கொதித்தாலும் அழியாது. ஆகவே ‘கிருமி இல்லை’ என்ற லேப் ரிப்போர்ட்டைக் காட்டி நிம்மதி அடைய முடியாது. 2000-ல் ஜப்பானில் ஸ்னோ பிராண்ட் பால் குடித்து 13,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். ஹொக்கைடோ ஆலையில் சில மணி நேரம் கரண்ட் போனபோது பாலில் உண்டான நச்சு, கிருமிகள் செத்த பிறகும் பால்பவுடரில் அப்படியே தங்கியிருந்தது. பி.சி.ஆர். சோதனையும் இதற்குச் சரியான மாற்று இல்லை. அது காட்டுவது நச்சை உண்டாக்கும் மரபணுவைத்தான், நச்சை அல்ல.

சோற்றில் விஷயமே வேறு. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் உலைக்குத் தப்பி, ஆறிய சோற்றில் முளைத்துப் பெருகும். வாந்தி எடுக்க வைக்கும் அதன் நச்சான செரூலைடு, 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் தாங்கும். மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் அதற்கு ஆன்டிபாடி (ஸ்ட்ரிப்பில் நச்சைப் பிடித்துக் காட்டும் புரதம்) தயாரிப்பது கடினம். ‘சீரியஸ் டாக்சின்’ என்று விற்கும் ஸ்ட்ரிப்புகள் பொதுவாகப் பார்ப்பது வயிற்றுப்போக்கு உண்டாக்கும் புரத நச்சைத்தான். செரூலைடுக்கு, மூலக்கூறுகளைப் பிரித்து நிறையை வைத்து அடையாளம் காணும் எல்சி-எம்எஸ் கருவி உள்ள லேப்தான் வேண்டும். எலுமிச்சைச் சாதம் கட்டுபவருக்குக் கிட்டைவிட ஒரு தெர்மாமீட்டர் உதவும்: 60 டிகிரிக்கு மேல், இல்லையென்றால் 5-க்குக் கீழ்.

இனி அளவு. கோடு விழவில்லை என்றால் நச்சே இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. 1985-ல் அமெரிக்காவில் சாக்லேட் பால் குடித்துப் பள்ளிப் பிள்ளைகள் நோயுற்றபோது, ஒரு பாக்கெட்டில் இருந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு சராசரியாக 144 நானோகிராம்தான். நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. உங்கள் கிட், கிராமுக்கு 1 நானோகிராம் இருந்தால்தான் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். 250 கிராம் பொட்டலத்தில் 200 நானோகிராம் இருந்தாலும் கோடு விழாது, சாப்பிட்டவருக்கு வாந்தி வரும். கிட் அட்டையில் எழுதியிருக்கும் அந்த எண்ணை முதலில் படியுங்கள்.

சால்னாவில் ஸ்ட்ரிப்பை நேரே முக்குகிறவர்களும் உண்டு. எண்ணெயும் புளிப்பும் ஆன்டிபாடியைக் குழப்பும். கிட்டோடு வரும் கரைசலில் அரைத்து, தெளிந்த நீரை எடுத்து, புளிப்பைச் சமன்செய்த பிறகே சொட்டு விட வேண்டும். நிறம் மாறுவதை வைத்து நச்சைக் கண்டுபிடிக்கும் எலைசா சோதனை செய்தால், பச்சைப் பாலிலும் காய்கறியிலும் இயல்பாக உள்ள பெராக்சிடேஸ் என்ற நொதி, நச்சு இல்லாமலே நிறம் காட்டிவிடும். நல்லது என்று உறுதியான அதே உணவை ஒப்பீட்டுக்குக் கூடவே வையுங்கள். இன்னொன்று, மறுபடி சூடாக்கிய உணவில் நச்சின் உருவம் சற்று மாறி ஆன்டிபாடிக்குப் பிடிபடாமல் போகலாம். ஆளை நோகடிக்கும் தன்மை போகாது. சூடாக்கும் முன்பே மாதிரி எடுங்கள்.

பால் பண்ணையில் ஆன்டிபயாட்டிக் ஸ்ட்ரிப் பார்த்துப் பழகியவர்களிடம் ஒரு சிக்கல். அதில் டெஸ்ட் கோடு மங்கினால்தான் கோளாறு. ஸ்டெஃப் ஸ்ட்ரிப்பில் நேர்மாறு, கோடு விழுந்தால்தான் நச்சு. ஸ்ட்ரிப் சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் கன்ட்ரோல் கோடு வராவிட்டால் இரண்டிலுமே அந்த ஸ்ட்ரிப் குப்பைக்கு. பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உறையைக் கிழிப்பதும், குறித்த நேரம் தாண்டி வந்து பார்ப்பதும் முடிவைக் கெடுக்கும்.

கடைசியாக, கிடா விருந்து. பெரிய அண்டாவில் மெல்ல ஆறும் கறிக்குழம்பில் பெருகுவது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற கிருமி. அதன் நச்சு பெரும்பாலும் சாப்பிட்டவர் குடலில்தான் உருவாகிறது. எனவே குழம்பில் நச்சைத் தேடி ஸ்ட்ரிப் வைத்தால் ஒன்றும் தெரியாது. அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிடாமல், மிச்சக் குழம்பைச் சுத்தமான டப்பாவில் குளிர வைத்துக் கிருமி எண்ணிக்கைக்கு லேபில் கொடுங்கள்; வயிற்றுப்போக்கு வந்தவரின் மல மாதிரியும் போகட்டும்.