மேட்டூர் நீர்மட்டத்தைப் பைத்தான் வழியே போஸ்ட்கிரஸில் ஏற்ற

மன்னார்குடிப் பக்கம் குறுவை போடுகிறவர்களுக்கு மேட்டூர் நீர்மட்டம் தினமும் தெரிந்தாக வேண்டும், அதைப் பைத்தான் ஸ்கிரிப்டே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஏற்றட்டும். பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் மூலம், போஸ்ட்கிரஸோடு பேச உதவும் சைக்காப்ஜி லைப்ரரியை நிறுவுங்கள். அப்புறம் ஹோஸ்ட், போர்ட் 5432, டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்டு கொடுத்தால் இணைப்பு கிடைத்துவிடும். ஆனால் பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதவே எழுதாதீர்கள், அதற்கு வெளியே என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள்.

அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, 98.47 என்று தசமத்தில்தான் எண் வரும், அதனால் டேபிளில் அந்த எண்ணுக்கான நெடுவரிசை (column) நியூமரிக், அதாவது தசமத்தைத் துல்லியமாக வைக்கும் வகையாக இருக்கட்டும். தேதியைப் பிரைமரி கீ (ஒரே மதிப்பு மறுபடி வர விடாத அடையாளம்) ஆக்கிவிட்டால் ஸ்கிரிப்ட் இரண்டு தடவை ஓடினாலும் ஒரே நாளுக்கு இரண்டு வரி விழாது. எண்ணை எஸ்க்யூஎல் வரியோடு ஒட்டாமல் தனி பாராமீட்டராக அனுப்புங்கள்.

முக்கியமாக, கமிட், அதாவது மாற்றத்தை நிலையாகச் சேமிக்கும் கட்டளை. அதை விட்டால் வரியைச் சேர்க்கும் இன்செர்ட் பிழையே காட்டாமல் ஓடி முடியும், டேபிள் மட்டும் காலியாகவே கிடக்கும்.